மிக்சிக்கு வரலாறு எழுதுவது எப்படி: வீட்டுப் பொருள்களின் சமூக வரலாற்றுக்கு ஒரு வழிகாட்டி

தொழிற்சாலைப் பொருள்களின் வடிவமைப்பு வரலாறு பெரும்பாலும் வடிவமைப்பாளர்களின் பெயர்களைக் கோத்தே எழுதப்பட்டிருக்கிறது. 1907இல் பெர்லினின் ஏஇஜி நிறுவனத்துக்கு ஆலோசகராகச் சென்று மின்விளக்கு முதல் மின்கெண்டி வரை உருவம் கொடுத்த பீட்டர் பெரன்ஸ், 1930களில் சியர்ஸ் நிறுவனத்தின் கோல்டுஸ்பாட் குளிர்பதனப் பெட்டியைத் திருத்தியமைத்த ரேமண்ட் லோவி, ஜெர்மனியின் பிரவுன் நிறுவனத்தின் வானொலிகளுக்குப் பேர் வாங்கித் தந்த டீட்டர் ராம்ஸ் என்று அந்த வரிசை நீளும். அதே முறையைப் பிடித்துக்கொண்டு நம் சமையலறை மேடைக்கு வந்தால் வெறுங்கையுடன்தான் திரும்ப வேண்டியிருக்கும். அங்கே இருக்கும் மிக்சியிலோ கிரைண்டரிலோ யாருடைய கையொப்பமும் இல்லை. அப்படிப்பட்ட பொருள்களுக்கு வரலாறு எழுத விரும்பும் மாணவர்களுக்கும் உள்ளூர் வரலாற்றில் ஆர்வமுள்ளவர்களுக்கும் உதவும் வகையில் ஒரு வேலைமுறையை இங்கே சொல்கிறேன். அதன் சாரம் இதுதான்: பொருள் எங்கே பிறந்தது என்று தேடுவதற்கு முன், அது எங்கே பழுதாகிறது, ஏன் எரிகிறது என்று தேடுங்கள். மிக்சியை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். இதே முறை தையல் இயந்திரத்துக்கும் குக்கருக்கும் பம்புசெட்டுக்கும் பொருந்தும்.

முதலில் எல்லையைக் குறுக்குங்கள்

"வீட்டு உபயோகப் பொருள்களின் வரலாறு" என்று தலைப்பு வைத்தால் எந்த வேலையும் முடியாது. ஒரு பொருள், ஒரு வட்டாரம், தொடக்கமும் முடிவும் தெரிந்த ஒரு காலம் ஆகிய மூன்றையும் முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். "1963 முதல் 2011 வரை தமிழ்நாட்டில் மிக்சி" என்பது போதுமான அளவு. 1963, இந்தியச் சமையலுக்கென்று ஒரு மிக்சி உருவான ஆண்டு. 2011, அதை அரசே வீடு வீடாகக் கொடுக்கத் தொடங்கிய ஆண்டு. இடைப்பட்ட ஏறக்குறைய அரை நூற்றாண்டில் ஆடம்பரப் பொருள் ஒன்று அரிசி அட்டைக்கு உரிய பொருளாக மாறியிருக்கிறது. அந்த மாற்றம் எப்படி நடந்தது என்பதே உங்கள் கேள்வி.

பொருளைக் கவிழ்த்துப் பாருங்கள்

நூலகத்துக்குப் போவதற்கு முன் பழைய மிக்சி ஒன்றை எடுத்து, இணைப்பைக் கழற்றிவிட்டு, கவிழ்த்து வையுங்கள். அடிப்பகுதியில் ஒட்டியிருக்கும் தகட்டில் மின்னழுத்தம், வாட், தொடர் எண் ஆகியவற்றுடன், பல மாடல்களில் "30 நிமிடம்" என்ற குறிப்பும், 5 நிமிடம் ஓட்டி 2 நிமிடம் நிறுத்த வேண்டும் என்ற அறிவுரையும் இருக்கும். பக்கத்திலேயே ஒரு சிறு பட்டன், பெரும்பாலும் சிவப்பு நிறத்தில் இருக்கும். பாரம் தாங்காமல் மோட்டார் சூடேறும்போது மின்சாரத்தைத் துண்டித்துக்கொண்டு வெளியே துருத்தும் ஓவர்லோடு பட்டன் அது. எந்த நிறுவன வரலாற்றிலும் பெருமையாகப் பேசப்படாத இந்தப் பட்டனை நான் மிக்சியின் மிக முக்கியமான சமூக ஆவணம் என்பேன். கையேட்டில் என்ன எழுதினாலும் இந்த வீட்டில் ஜாரை நிரப்பித்தான் அரைப்பார்கள் என்று தயாரித்தவர் முன்கூட்டியே ஒப்புக்கொண்டதற்கு அது சாட்சி.

அந்தப் பட்டன் ஏன் தேவைப்பட்டது என்று கேட்டால் வரலாறு தானாகவே விரியும். சுழலும் பிளேடை ஒரு கலத்தின் அடியில் பொருத்தும் யோசனை அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த ஸ்டீபன் போப்லாவ்ஸ்கியுடையது. 1922இல் அவர் அதைச் சோடாக் கடைகளில் மால்ட் பால் கலப்பதற்காக உருவாக்கினார். ஆக, மேலைநாட்டு பிளெண்டர் பிறந்ததே பானம் கலப்பதற்காகத்தான். உயரமான கண்ணாடிக் குடுவை, நீர்மத்துக்குள் எளிதாகச் சுழலும் பிளேடு, சில நிமிட ஓட்டத்துக்குப் போதுமான மோட்டார் ஆகியவை அந்த வேலைக்குச் சரியானவை. அதே குடுவையில் காய்ந்த மஞ்சளையும் மிளகாயையும் கொப்பரையையும் ஊறிய உளுந்தையும் போட்டால் மோட்டார் புகைவதில் வியப்பில்லை. இந்திய மிக்சியின் ஒவ்வொரு பகுதியும் இந்தப் புகைக்குப் பதிலாக வந்ததாகவே படிக்கத் தக்கது: கண்ணாடிக்குப் பதில் எவர்சில்வர் ஜார், ஈர மாவுக்கு ஒன்று, உலர் பொடிக்கு ஒன்று, சட்னிக்கு ஒன்று என்று வெவ்வேறு அளவில் மூன்று ஜார்கள், நிமிடத்துக்கு ஏறக்குறைய 18,000 சுற்று ஓடும் மோட்டார், கெட்டியான பொருளில் பிளேடு சிக்கும்போது மோட்டாருக்கு முன் தான் தேய்ந்துபோகும், மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் கப்ளர்.

தேய்மானங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். உடைந்த கைப்பிடிக்குப் பதிலாகப் போட்ட வேறு நிறக் கைப்பிடி, அளவு பொருந்தாத மூடி வாஷர், மஞ்சள் ஏறிய மூடி ஆகியவை அந்த வீட்டின் செலவுக் கணக்கைச் சொல்லும். மூன்று ஜார்களில் எது அதிகம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தாலே அந்தக் குடும்பம் எதை அதிகம் அரைத்தது என்று தெரிந்துவிடும். பல வீடுகளில் சட்னி ஜாரின் பிளேடுதான் முதலில் மழுங்கியிருக்கும்.

பொருளைக் கேள்விகளால் துருவும் இந்த முறைக்கு நம் நாட்டிலேயே ஒரு முன்னோடி உண்டு. 1958இல் இந்திய அரசின் அழைப்பில் வந்த அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் தங்கள் அறிக்கையில் சாதாரணச் சொம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, இடுப்பில் எப்படி அமரும், நிறைந்தபோதும் காலியானபோதும் சமநிலை எப்படி இருக்கும், எப்படி ஊற்றும், எப்படிக் கழுவலாம் என்று அடுக்கடுக்காகக் கேட்டார்கள். அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கப்பட்டது. கேள்விகள் அருமையானவை, ஆனால் அந்தச் சொம்பை யார் தொடலாம், யார் தொடக் கூடாது என்ற கேள்வி அங்கே எழவில்லை. நம் ஊரில் ஒரு பாத்திரத்தின் வரலாற்றை எழுதுகிறவர் அதையும் சேர்த்துக் கேட்காமல் விட முடியாது.

எதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது?

புதிய பொருள் எதுவும் காலியிடத்துக்கு வருவதில்லை. மிக்சி அம்மியின் இடத்துக்கும், கிரைண்டர் ஆட்டுக்கல்லின் இடத்துக்கும் வந்தன. எனவே பழைய கருவியின் வேலைமுறையை உடலோடு சேர்த்து விவரிக்க வேண்டும். அம்மியில் அரைப்பவர் தரையில் உட்கார்ந்து அல்லது குந்தி, இரு கைகளாலும் குழவியை முன்னும் பின்னும் தள்ளுகிறார். தேங்காயும் மிளகாயும் நசுங்கி இழைகின்றன. மிக்சியில் அவை வெட்டுப்படுகின்றன. அம்மித் துவையலுக்கு இருக்கும் சுவை இதில் வராது என்ற புலம்பலை வெறும் பழமைப் பாசம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். இரண்டு கருவிகளும் செய்யும் வேலையே வேறு.

ஆட்டுக்கல்லுக்கும் கிரைண்டருக்கும் உள்ள உறவு இதைவிடச் சுவையானது. கையால் ஆட்டும்போது கல் நிற்கும், குழவி சுற்றும். மின் கிரைண்டரில் கல் சுற்றும், குழவி தன் இடத்திலேயே நின்று உருளும். மனிதக் கையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மோட்டாரைப் பொருத்த முயன்றவர்கள், அசைவைத் தலைகீழாக்கினால்தான் வேலை எளிதாகும் என்று கண்டுகொண்டிருக்கிறார்கள். இத்தகைய ஒரு தலைகீழ் மாற்றத்தைக் கண்டால் அதற்கு ஒரு படம் வரைந்து கட்டுரையில் சேர்த்துவிடுங்கள். இரண்டு பக்க விளக்கம் மிச்சமாகும்.

அடுத்து அறையைப் பாருங்கள். 1926இல் கட்டடக் கலைஞர் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரின் தொகுப்பு வீடுகளுக்காகச் சமையலறை ஒன்றை வடிவமைத்தபோது, சமைப்பவர் எடுத்துவைக்கும் அடிகளைக் கணக்கிட்டு அலமாரிகளின் இடத்தைத் தீர்மானித்தார். நம் சமையலறையில் நடந்த மாற்றத்துக்கு அப்படி ஒரு வரைபடம் இல்லை, சுவர்தான் வரைபடம். பழைய வீடு ஒன்றில் மேடைக்கு மேலே இருக்கும் ப்ளக் பாயின்டைக் கவனியுங்கள். ஒயர் சுவருக்குள் பதிக்கப்படாமல், மேலோட்டமாகக் கட்டை அடித்து இழுக்கப்பட்டிருந்தால், வீடு கட்டிய பிறகுதான் மிக்சி வந்திருக்கிறது என்று பொருள். மேடையே இல்லாத சமையலறை என்றால், மிக்சி தரையில் பலகை போட்டு வைக்கப்பட்டதா, கூடத்தில் இருந்ததா என்று கேளுங்கள். தரையில் அமர்ந்து செய்த வேலை நின்று செய்யும் வேலையானதில் எரிவாயு அடுப்புக்கும் மிக்சிக்கும் எவ்வளவு பங்கு என்பதைப் பிரித்துச் சொல்வது கடினம். இரண்டும் பல வீடுகளில் அடுத்தடுத்து வந்தவை.

அம்மி போய்விட்டதா என்றால், முழுதாகப் போகவில்லை. அம்மி மிதித்து அருந்ததி பார்க்கும் சடங்குக்காகத் திருமண மண்டபங்களில் அது இன்றும் கிடக்கிறது. அதே திருமணத்தின் சீர்வரிசையில் மிக்சி பெட்டி பிரிக்காமல் வைக்கப்பட்டிருக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கருவி சடங்கில் எப்படித் தங்குகிறது என்பதற்கு ஒரு பத்தி ஒதுக்குவது தகும்.

பிறப்புக் கதைகளைக் கையாளும் விதம்

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பிறப்புக் கதை இருக்கும். மிக்சிக்கு உரிய கதை இது: மாதுரி மாத்தூரின் பிரவுன் மிக்சர் எரிந்துபோனது, அதைப் பழுதுபார்க்க இங்கே வழியில்லை, சீமென்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த அவருடைய கணவர் சத்ய பிரகாஷ் மாத்தூர், இந்திய மசாலாவைத் தாங்கும் மோட்டாருடன் ஒரு மிக்சியை உருவாக்கினார், 1963இல் சுமீத் மிக்சி பிறந்தது. கதை நன்றாகவே இருக்கிறது, நம்பவும் தகுந்தது. ஆனால் வரலாறு எழுதுபவர் இதை மூன்று இடங்களில் தட்டிப் பார்க்க வேண்டும். ஜெர்மன் இயந்திரத்துக்கு இங்கே ஏன் உதிரிபாகம் கிடைக்கவில்லை என்பது முதல் இடம். 1957இல் அந்நியச் செலாவணி நெருக்கடி ஏற்பட்டு, இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடுகள் வந்த காலம் அது. ஒரு வீட்டின் எரிந்த மோட்டாருக்குப் பின்னால் நாட்டின் கையிருப்புக் கணக்கு நிற்கிறது. இரண்டாவது, வெளிநாட்டு மிக்சரை அந்நாளில் வைத்திருக்கக்கூடிய குடும்பம் எத்தகையது என்பது. மூன்றாவது, கதையில் மனைவி கேட்பவராகவும் கணவர் செய்பவராகவும் வருவது. எதை அரைத்தால் எரிகிறது, எந்தப் பதம் வர வேண்டும் என்பதெல்லாம் சமைப்பவருக்குத் தெரிந்த விவரங்கள். அந்த அறிவு எப்படிப் பொறியாளரின் மேசைக்குப் போனது என்று கதை சொல்வதில்லை. அந்த மௌனத்தைக் கட்டுரையில் மௌனம் என்றே பதிவு செய்யுங்கள், கற்பனையால் நிரப்பாதீர்கள்.

கிரைண்டருக்குக் கோயம்புத்தூர் சொல்லும் கதை வேறு. 1955இல் பி. சபாபதி அதை அறிமுகப்படுத்தினார் என்றும், சாய்த்து மாவை வழிக்கக்கூடிய டில்டிங் கிரைண்டரை 1963இல் ஆர். துரைசாமி கொண்டுவந்தார் என்றும் அங்கே சொல்வார்கள். பெயர்களைக் குறிப்பிட்டுவிட்டு, அந்த ஊரில் ஏன் என்ற கேள்விக்கு நகர்வது நல்லது. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் செயல்படத் தொடங்கியதும் பஞ்சாலைகளும் பட்டறைகளும் பெருகின. கிணற்றுப் பாசனத்துக்குப் பம்புசெட் தேவைப்பட்டதால், ஜி. டி. நாயுடு காலத்திலிருந்தே மோட்டார் செய்யும் கை அங்கே பழகியிருந்தது. வார்ப்படப் பட்டறைகள் இருந்தன. பக்கத்தில் ஊத்துக்குளிக் கல் கிடைத்தது. மோட்டார், வார்ப்பு, கல், கொத்துபவர் ஆகிய நான்கும் ஒரே வட்டாரத்தில் கூடியபோது கிரைண்டர் யாராவது ஒருவர் கையில் பிறந்தே தீர வேண்டியிருந்தது. "கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்" பின்னாளில் புவிசார் குறியீடும் பெற்றது. பட்டுக்கும் பழத்துக்கும் வழங்கப்படுவதாக நாம் நினைக்கும் ஒரு குறியீட்டை மோட்டார் வைத்த ஓர் இயந்திரம் பெற்றிருப்பதைச் சற்று நின்று ரசிக்கலாம்.

காகிதங்கள் எங்கே இருக்கின்றன?

முதலில் இதழ் விளம்பரங்கள். ஆனந்த விகடன், குமுதம், கல்கி போன்றவற்றின் பழைய தொகுதிகளைச் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் கன்னிமாரா பொது நூலகத்திலும் தேடலாம். தீபாவளி மலர்களிலிருந்து தொடங்குவது நேரத்தை மிச்சப்படுத்தும், ஏனென்றால் வீட்டுப் பொருள் விளம்பரங்கள் அவற்றில்தான் குவியும். விளம்பரத்தில் மிக்சியைத் தொடுபவர் யார், அவர் என்ன உடுத்தியிருக்கிறார், பின்னால் இருப்பது மேடையா தரையா, விலை அச்சிடப்பட்டிருக்கிறதா, தவணை பேசப்படுகிறதா, ஆண் யாராவது இருந்தால் அவர் அரைக்கிறாரா அல்லது வாங்கிக் கொடுக்கிறாரா என்று ஒரு தாளில் கட்டம் போட்டுக் குறித்துக்கொண்டே போங்கள். விளம்பரம் நடந்ததைக் காட்டுவதில்லை, நடக்க வேண்டும் என்று விற்பவர் விரும்பியதைக் காட்டுகிறது என்பதை மறக்க வேண்டாம்.

சமையல் நூல்கள் இதைவிட நேர்மையான சாட்சிகள். 1951இல் முதலில் வெளிவந்த மீனாட்சி அம்மாளின் "சமைத்துப் பார்" போன்ற பழைய நூலையும், பல பத்தாண்டுகளுக்குப் பின் வந்த ஒரு நூலையும் பக்கத்தில் வைத்து ஒரே பதார்த்தத்தின் குறிப்பைப் படியுங்கள். அரைப்பது பற்றிய வாக்கியம் எப்போது மாறுகிறது, கல்லும் மிக்சியும் ஒரே நூலில் சேர்ந்து வாழும் காலம் எது, அரைத்துவிட்ட குழம்பு வகைகள் கூடுகின்றனவா என்று பார்த்தால் விளம்பரம் சொல்லாதது வெளிவரும்.

அரசுத் தாள்கள் பலரும் மறக்கும் மூலம். வீட்டு மிக்சிகளுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 4250 என்ற எண்ணில் இருக்கிறது. தர விதி என்பது பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்களும் அரசும் உட்கார்ந்து பேசி முடித்த உடன்படிக்கை. திருத்தங்களை வரிசையாக வைத்தால் அந்தப் பேச்சு எங்கே இழுபறியானது என்று ஊகிக்கலாம். உருவத்துக்கு மட்டும் பாதுகாப்புக் கோருபவர்கள் முன்பு 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும், பிறகு 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின் கீழும் கொல்கத்தா அலுவலகத்தில் பதிவு செய்திருப்பார்கள். காப்புரிமை வேலை செய்யும் விதத்துக்கு, வடிவமைப்புப் பதிவு தோற்றத்துக்கு; இரண்டையும் குழப்பிக்கொண்டால் தேடல் வீணாகும்.

மனிதர்களிடம் கேட்பது

நேர்காணலில் "எந்த ஆண்டு மிக்சி வாங்கினீர்கள்?" என்று கேட்டால் தோராயமான விடைதான் கிடைக்கும். "மூத்த பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகா, அதற்கு முன்பா?", "இந்த வீட்டுக்கு வந்த பிறகா?", "நாத்தனார் கல்யாணத்துக்கு முன்பா?" என்று குடும்ப நிகழ்ச்சிகளோடு முடிச்சுப் போட்டுக் கேளுங்கள். யார் பணம், யார் கடைக்குப் போனது, முதலில் யார் இயக்கியது, மாமியார் என்ன சொன்னார் என்று அடுத்தடுத்துப் போகலாம். மிக்சிக்கு முன் அரைத்தவர் யார் என்ற கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும். பல வீடுகளில் அது மருமகள்; வசதியான வீடுகளில் கூலிக்கு வந்த பெண். கூலிக்கு அரைத்தவரைத் தேடிப்பிடித்து அவரிடமும் பேசாவிட்டால், வாங்கியவர்களின் வரலாறு மட்டுமே உங்களுக்குக் கிடைக்கும். அம்மி கொத்த ஊர் ஊராக வந்தவர்களுக்கும் இது பொருந்தும்.

நேரம் மிச்சமானதா என்ற கேள்வியில் எச்சரிக்கை தேவை. 1920களிலிருந்து 1960கள் வரை அமெரிக்க இல்லத்தரசிகள் வீட்டுவேலைக்குச் செலவிட்ட நேரம், இயந்திரங்கள் அத்தனை வந்த பிறகும் குறையவில்லை என்று 1970களிலேயே ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். வேலை எளிதானதும் எதிர்பார்ப்பு கூடிவிடுகிறது. நம் வீடுகளிலும், பண்டிகைக்கும் விருந்தாளிக்கும் என்றிருந்த இட்லியும் தோசையும் அன்றாடப் பலகாரமானதையும், ஒரு சட்னி இரண்டானதையும் முதியவர்களே சொல்வார்கள். "சுலபமாக இருந்ததா?" என்று கேட்காமல், "முன்பு வாரத்துக்கு எத்தனை நாள் மாவு ஆட்டினீர்கள், பிறகு எத்தனை நாள்?" என்று கேளுங்கள்.

ஒரு நாளையாவது மிக்சி ரிப்பேர் கடையில் செலவிடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு அறிவுரையைத்தான் கடைப்பிடிப்பேன் என்பவர் இதைக் கடைப்பிடிக்கட்டும். மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சர் எரிந்து வருவது எத்தனை, அதற்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்து வருவது எத்தனை, ஜார் அடியில் தண்ணீர் ஒழுகி மோட்டாருக்குள் இறங்கியது எத்தனை என்று கடைக்காரர் மனக்கணக்காகச் சொல்வார். காயில் செம்பா அலுமினியமா என்ற பேச்சு வந்தால், நிறுவனங்கள் எந்தக் காலத்தில் எங்கே செலவைக் குறைத்தன என்ற வரலாறு அவர் வாயிலிருந்தே வரும். காயில் கட்டும் கூலி புது மிக்சியின் விலையில் எத்தனை பங்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பங்கு ஏற ஏற மக்கள் பழுதுபார்ப்பதை விட்டுவிடுகிறார்கள்.

அரசு மிக்சி என்ற தனிச் சிக்கல்

2011 தேர்தலில் இரு பெரும் கழகங்களும் சமையலறையை நோக்கி வாக்குறுதி அளித்தன: திமுக மிக்சி அல்லது கிரைண்டர் என்றது, அதிமுக மிக்சி, கிரைண்டர், மின்விசிறி மூன்றும் என்றது. வென்ற ஜெயலலிதா அரசு அவ்வாண்டு செப்டம்பர் 15 அன்று விநியோகத்தைத் தொடங்கியது. இலவசம் சரியா தவறா என்ற பழைய வழக்கை இங்கே திறக்க வேண்டியதில்லை. வடிவமைப்பு வரலாற்றுக்கு வேண்டியது வேறு: அரசு ஒரு மிக்சியை வாங்குவதற்கு அது எத்தனை வாட், எத்தனை ஜார், எவ்வளவு உத்தரவாதம் என்று ஒப்பந்தப்புள்ளியில் எழுதியாக வேண்டும். கொள்முதல் செய்த தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் அந்த ஆவணங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெற முயலலாம். ஓர் ஏழைக் குடும்பத்துக்கு எவ்வளவு மோட்டார் போதும் என்று அரசு கருதியது என்பதை அவை எண்களில் சொல்லும். மாநிலமே மின்வெட்டில் தவித்த ஆண்டுகளில்தான் இந்த மிக்சிகள் வந்து சேர்ந்தன என்பதையும் நேர்காணல்களில் கேளுங்கள். மின்சாரம் வரும் நேரம் பார்த்து அரைத்து வைத்த கதைகள் வரும். வேலை செய்யாமல் பரணில் கிடக்கும் அரசு மிக்சி கிடைத்தால் விடாதீர்கள்; மேலே சொன்ன கவிழ்த்துப் படிக்கும் பாடத்துக்கு அதைவிட நல்ல மாதிரி கிடையாது.

எழுதும்போதும் எழுதிய பிறகும்

அத்தியாயங்களை ஆண்டு வரிசையில் அடுக்காமல், பகுதிகளின் வரிசையில் அடுக்கிப் பாருங்கள்: மோட்டார், ஜார், பிளேடு, பட்டன், ப்ளக். ஒவ்வொரு பகுதியும் தனக்குரிய காலத்தைத் தானே இழுத்துவரும். புலம்பெயர்ந்தவர்களுக்காக 110 வோல்ட்டில் செய்யப்பட்ட மிக்சிகள், மோட்டார் அத்தியாயத்தில் இயல்பாக இடம்பெறும். ஆண்டு வரிசையில் அவை பின்னிணைப்பாகிவிடும்.

பேசியவர்களின் அனுமதியை ஒலிப்பதிவின் தொடக்கத்திலேயே பெற்று, அவர்கள் கேட்டால் பெயரை மாற்றிவிடுங்கள். படங்களை அளவுகோலோடு எடுங்கள்: முன், பின், பக்கம், அடிப்பகுதி, தகடு நெருக்கத்தில், ஜார்கள் தனித்தனியாக. கோப்பின் பெயரிலேயே பொருள், மாடல், ஊர், எடுத்த தேதி இருக்கட்டும். தகட்டில் உள்ள தொடர் எண்ணைக் கையாலும் எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய தகடு படத்தில் தெளிவாக விழாது. உரிமையாளர் சம்மதித்தால் அந்தப் படங்களைக் கட்டற்ற உரிமத்தில், யாரும் பயன்படுத்தக்கூடிய இணையப் படத் தொகுப்பான விக்கிமீடியா காமன்சில் தமிழ் விளக்கத்துடன் ஏற்றிவிடலாம். அடுத்து கிரைண்டருக்கு வரலாறு எழுத உட்காருபவருக்கு ஒப்பிட ஒரு தொகுப்பு கிடைக்கும்.